தேவானைக்குச் சொன்ன தலபுராணம்

சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்ய உரிம அட்டை வேண்டும். அட்டை இல்லாதவன் வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு தூணைக் காட்டி ‘இது தூண்’ என்று சொன்னாலும் குற்றம். இந்தச் சட்டத்தைத் தங்கவேல் முழு மனதோடு மதித்தார். எந்தப் பயணியிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்போனில் பெண்டாட்டியோடு பேசினார், அவ்வளவுதான். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம், உரக்க, ஆங்கிலத்தில் பேசினார். அவருக்கு ஆறடி பின்னால் நாலைந்து வெள்ளைக்காரர்கள் தற்செயலாக நடந்து வந்துகொண்டிருப்பார்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதால் எல்லாப் புராணமும் குளக்கரையிலேயே முடிந்துவிடும்.

தங்கவேல் பதினாறு வருஷம் தி. நகரில் ஆட்டோ ஓட்டியவர். சவாரிக்கு ஏறியவர்களிடமே ஆங்கிலம் பழகி, ஓய்ந்த நேரத்தில் கோட்டூர்புரம் நூலகத்தில் கோயில் புத்தகங்களைக் கரைத்துக் குடித்து, வழிகாட்டிப் பரீட்சையில் மூன்றாவதாகத் தேறினார். பயிற்சி முடிந்தது. ஆட்டோவை விற்றார். அட்டை இதோ வந்துவிடும் என்றார்கள். அது நடந்து இரண்டு வருஷம் பத்து மாதம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்தோடு காவல் நிலையத்தின் நன்னடத்தைச் சான்றிதழ் வைக்க வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லுபடியாகும். கோப்பு உரிய மேஜைக்குப் போய்ச் சேர எட்டு மாதம். ஆகவே கோப்பு போய்ச் சேரும்போதெல்லாம் தங்கவேலின் நன்னடத்தை காலாவதியாகியிருக்கும். நான்காவது முறை போனபோது ஏட்டு வலியுல்லா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா தங்கவேலு, இந்த வாட்டியும் நல்லவன்தானா?”

“அப்டித்தான் கீது சார்.”

அட்டை வழங்கும் அலுவலகத்தில் ஸ்ரீநாத் என்ற எழுத்தர் இருந்தார். தங்கவேல் படியேறும்போதே அவர் “பெண்டிங்” என்று சொல்லிவிடுவார். உட்காரவைத்து அலைக்கழிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

மேற்கு மாம்பலத்து வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டி தேவானைக்குத் தையல் மிஷினை மிதிப்பதும், பக்கத்தில் ஸ்பீக்கரில் கிடக்கும் போனுக்கு அவ்வப்போது ‘ஊம்’ கொட்டுவதும் வேலை. நடுநடுவே தங்கவேல், “அருமையான கேள்வி, தேவானை!” என்று ஆங்கிலத்தில் பாராட்டுவார். கேட்டது ஆறடி பின்னால் வரும் யாரோ ஒரு ஜெர்மானியராக இருக்கும்.

மாசி மாதம் ஒரு காலை, குளத்தின் வடகரையில் பங்கஜம் மாமி வழிமறித்தாள். மாமி இருபத்தாறு வருஷ அட்டைக்காரி. அட்டை கழுத்தில் தொங்கியது. அட்டையில்லாமல் தொழில் செய்தான் என்று ஒரே ஒரு புகார் பதிவானாலும் விண்ணப்பம் நிரந்தரமாகத் தள்ளுபடி. தங்கவேல் அந்த விதியையும் மனப்பாடம் செய்திருந்தார்.

“யாரோடப்பா பேசிண்டு போறே?”

“சம்சாரத்தாண்ட, மேடம்.”

“ஆத்துக்காரிகிட்டப் பல்லவா காலத்தைப் பத்தியா?”

“அவளுக்கு அதுல ஒரு இஷ்டம், மேடம்.”

“குடு இப்படி.” போன் கைமாறியது. மாமி ஸ்பீக்கரை அழுத்தினாள். “ஏம்மா, இவர் இவ்ளோ நாழி என்ன சொன்னார், சொல்லு பாப்போம்.”

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. பத்தாவதோடு பள்ளியை விட்டவள் தேவானை.

“காடஸ் பார்வதி பிகேம் எ பீகாக்,” என்றது போன். “அண்டர் தி புன்னை ட்ரீ ஷி டிட் பூஜா. ஓல்ட் டெம்பிள் வாஸ் நியர் தி சீ. அப்பால, மாமி, நேத்து இந்த எடத்துல பூம்பாவை கதை சொன்னாரு. பாம்பு கடிச்சு செத்த பொண்ணு, எலும்புலேர்ந்து உசுரோட வந்துச்சே, அது. இன்னிக்கு அத்த முழுங்கிட்டாரு. ஏன்னு கொஞ்சம் கேளுங்க. எனக்கு அதான் புடிக்கும்.”

ஆறடி பின்னால் நின்றிருந்த ஜெர்மானியர்கள் இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மாமி குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “இருபத்தாறு வருஷமாச் சொல்லிண்டிருக்கேன். எங்காத்துல ஒருத்தருக்கு இதுல ஒரு வரி தெரியாது,” என்றாள். பிறகு தங்கவேலைப் பார்க்காமல், “போன சித்திரையிலேயே உன் பேர்ல புகார் எழுதிப் போட்டுட்டேனேப்பா,” என்றாள்.

“அடிப்பாவி மாமி!” என்றது போன்.

திங்கட்கிழமை மாமியும் தங்கவேலும் ஒரே ஆட்டோவில் அலுவலகத்துக்குப் போனார்கள். தங்கவேல் வழியெல்லாம் கபாலியிடம் தன் கோப்பு நகர வேண்டும் என்று பாதி வேண்டினார்; அங்கே ஒன்றுமே நகர்ந்திருக்கக் கூடாது என்று மீதி வேண்டினார்.

ஸ்ரீநாத் சணல் கட்டிய ஒரு மூட்டையை அவிழ்த்து, பழுத்துப்போன உறை ஒன்றை உருவினார். “சித்திரையில வந்ததா? இன்னும் பிரிக்கவே இல்லையே, மேடம். எங்ககிட்ட எல்லாம் வரிசைப்படிதான்.”

“பிரிக்க வேண்டாம். திருப்பிக் குடுங்கோ.”

“வாபஸ் வாங்கத் தனியா மனு குடுக்கணும்.”

“அதை எப்போ பாப்பேள்?”

ஸ்ரீநாத் நேர்மையாக யோசித்தார். “எட்டு மாசம்.”

மாமி கையை நீட்டி உறையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஸ்ரீநாத் பதிவேட்டைப் புரட்டினார். உறைக்கு எண் இல்லை, தேதி இல்லை, வரவே இல்லை. அலுவலகத்துக்கு வராத கடிதம் அலுவலகத்திலிருந்து காணாமல் போக முடியாது. அவர் தலையைத் தூக்கி மின்விசிறியைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“அப்டியே என் அட்டை, சார்?” என்றார் தங்கவேல்.

“பெண்டிங்.”

தங்கவேல் இரண்டு கையையும் கூப்பினார். அந்த வார்த்தைக்கு யாரும் கும்பிட்டுப் பார்த்திராத ஸ்ரீநாத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போதே போன் அடித்தது.

“இன்னா ஆச்சு? இன்னா சொன்னாங்கோ?”

“பெண்டிங்காம்.”

“அப்பாடா,” என்றாள் தேவானை. மறுமுனையில் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.