மணற்குடா அணிக்கு எட்டுப் பெயர்

103க்கு 41. 2006 மார்ச் 19, லூயிஷாம் விளையாட்டு மண்டபத்தில் பருவத்தின் கடைசி ஆட்டம் இந்தக் கணக்கில் முடிந்தது. இரண்டு எண்களையும் தாளில் எழுதியவர் மெற்றில்டா. 41 அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடமான மணற்குடாவின் எண்.

லண்டனில் உள்ள யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் கூடைப்பந்துத் தொடரில் ஆறு அணிகள். பதினொரு வருடமாக மேசையில் இருந்து புள்ளி எழுதுவது மெற்றில்டாதான். இருந்து என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. நின்றபடி எழுதுவார். இடைவேளையில் மேசையைச் சுற்றி நடப்பார். வயது நாற்பத்தாறு. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு பஸ் கராஜில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுகிறார். காலையில் ஓட்டுநர் ஒருவர் வராவிட்டால் பட்டியலை நாலு தரம் புரட்டிப் பார்ப்பார். ஆள் இல்லையென்றால் சாவியை எடுத்துக்கொண்டு தானே வெளிக்கிடுவார்.

ஆட்கள் எங்கே குறைவார்கள் என்பதை முன்கூட்டியே பார்க்கிற இந்தப் பழக்கம் தொடருக்கும் வந்தது. ஆறு பழைய மாணவர் சங்கங்களும் வருடாவருடம் மலர் வெளியிடும். பின்பக்கங்களில் குடும்பப் படங்கள். மெற்றில்டா அந்தப் படங்களில் ஆண்பிள்ளைகளை எண்ணினார். விதி இதுதான்: பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஆடலாம், அல்லது தகப்பன் படித்திருந்தால் பிள்ளை ஆடலாம். அந்தக் கணக்கில், 2012இல் அத்தனாசியார் கல்லூரிக்குப் பதினாறு வயது தாண்டிய முப்பத்தொரு பெடியன்கள் இருப்பார்கள். மணற்குடாவுக்கு ஒருவரும் இல்லை. அத்தனாசியார் கடந்த எட்டு வருடங்களில் ஏழு தரம் கிண்ணம் எடுத்த கல்லூரி.

காரணம் கலியாணம். மணற்குடா, ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த கரையோரப் பள்ளிக்கூடம். அங்கே படித்த பெண்களுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை தேடியபோது தகப்பன்மார் அத்தனாசியார் என்ற பெயரைக் கேட்டுத்தான் தலையாட்டினார்கள். பெண்கள் அங்கே போக, பிள்ளைகளும் அங்கேயே போய்விட்டார்கள். லண்டன் வந்த மணற்குடா ஆண்கள் கொஞ்சப் பேர், அவர்களுக்கும் பெண்பிள்ளைகள் அல்லது சின்னஞ்சிறுசுகள். அன்று அத்தனாசியாரின் 103இல் 34 புள்ளி போட்ட கிருஷாந், ஆறடி மூன்றங்குலம், மெற்றில்டாவோடு ஒரே வாங்கில் இருந்த கலாவதியின் மகன்.

2012 வரை பொறுத்திருக்கவும் முடியவில்லை. வருகிற பருவத்துக்கு ஓர் அணி எட்டுப் பெயர் பதிய வேண்டும். மணற்குடாவில் ஐந்து பேர்தான் மிச்சம், எல்லாரும் முப்பது தாண்டியவர்கள். மணற்குடா போனால் தாங்களும் போவதாக இன்னும் இரண்டு அணிகள் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகு அறுபது புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று அணியை வைத்து யார் தொடர் நடத்துவது?

நவம்பர் 12, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். தலைவர் பத்ரிநாராயணன், சென்னைக்காரர். எந்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்திலும் படிக்காதவர் என்பதற்காகவே அவரைத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். மெற்றில்டா எழுந்து ஒரே வரியில் தீர்மானம் வைத்தார்: தாய் படித்த பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளை ஆடலாம்.

அத்தனாசியார் செயலாளர் தில்லையம்பலம் சிரித்தார். "தங்கச்சி, பெட்டையை எங்களுக்குக் கட்டித் தந்திட்டு இப்ப பெடியனைத் திருப்பிக் கேக்கிறியளோ?"

"சீதனத்தையும் வாங்கினியள் அண்ணை. அதை நாங்கள் கேக்கேல்லை. பெடியனையாவது தாங்கோவன்."

மண்டபம் சிரித்து அடங்க நேரம் எடுத்தது. வாக்கு மூன்றுக்கு மூன்று. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல பசங்க எல்லாம் அம்மா பேச்சைத்தான் கேக்கறாங்க," என்றார் பத்ரிநாராயணன். "அம்மா ஸ்கூலும் செல்லும்."

மெற்றில்டாவின் பட்டியலில் ஏழு தாய்மார் இருந்தார்கள். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. திங்கட்கிழமை கராஜின் தேநீர் இடைவேளையில் முதல் தொலைபேசி கலாவதிக்கு.

"கேள்விப்பட்டனான்," என்றார் கலாவதி. "கிருஷாந்துக்கும் சந்தோசம். அவங்கட ரீமில அஞ்சு பேருக்கு மேல பந்து கிடைக்காது, அவன்ர கூட்டாளிமார் வாங்கிலதானாம்."

"அப்ப அவன்ர பேரை எழுதட்டோ?"

"எங்க எழுதப்போறாய்?"

"எங்க எண்டால்? மணற்குடாவில."

"மெற்றில்டா, கடைசி ரெண்டு வருசம், ஏ.எல்., நான் படிச்சது யாழ்ப்பாண ரவுணில, கொன்வென்றில."

"பதினொரு வருசம் என்ர பக்கத்தில இருந்து படிச்சனி!"

"அதை இஞ்ச ஆரடி கேக்கினம்? எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டால் நான் கொன்வென்ற் எண்டுதான் சொல்லுறனான். நேற்றுப் பின்னேரமே கொன்வென்ற் சங்கத்தில இருந்து போன் எடுத்தவை. அவையும் ரீம் போடினமாம்."

கொன்வென்ற் பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். அதற்கு ஆண்கள் அணி வரும் என்று மெற்றில்டா நினைக்கவில்லை. ஆனால் தாய் படித்தால் போதும் என்று எழுதியது அவர்தான். பிள்ளைகளை எண்ணியவர், தாய்மார் கடைசி இரண்டு வருடம் எங்கே படித்தார்கள் என்று எண்ண மறந்திருந்தார்.

அடுத்த ஆறு வாரம் லூயிஷாம் டி.எல்.ஆர். ரயில் மேடையிலும் கராஜ் வாசலிலும் நடந்தபடியே தொலைபேசியில் பேசினார். ஏழு தாய்மாரில் ஐந்து பேர் கொன்வென்ற் என்றார்கள். மணற்குடாவோடு படிப்பை நிறுத்திய இரண்டு பேர் மட்டும், அதில் ஒருத்தி கொஞ்சம் தயங்கி, ஓம் என்றார்கள். ஐந்தும் இரண்டும் ஏழு. மலர்களை மறுபடி புரட்டினார். சவுத்தாலில் மணற்குடாக்காரர் ஒருவர் இருப்பதாகக் கேட்டுப் போனார். அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம்.

மெற்றில்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் செபமாலைமுத்து வேறு பள்ளிக்கூடம், ஆட்டமும் அவருக்குப் பிடிக்காது. "ஒரு இடத்தில இரப்பா," என்றார். "ஏழு பேரோட விடச் சொல்லிக் கேள்."

"விதி எட்டு."

"அந்த விதியை ஆர் எழுதினது?"

"நான்தான்."

டிசம்பர் 31, பதிவின் கடைசி நாள். பகல் பதினொரு மணிக்கு பத்ரிநாராயணனின் வீட்டு வாசலில் நின்றபடி மெற்றில்டா படிவத்தைக் கொடுத்தார். தலைவர் கண்ணாடி போட்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்தார். எட்டாவதில் விரல் நின்றது.

"மேடம், இது உங்க பேரு."

"ஓம். பழைய மாணவி. ஸ்கூலில வலைப்பந்து ஆடினனான்."

"இது ஆம்பளைங்க டீம் இல்லையா?"

"விதியில அப்பிடி ஒண்டும் இல்லை. வாசிச்சுப் பாருங்கோ."

அவர் உள்ளே போய் விதித்தாளை எடுத்து வந்து வாசித்தார். இல்லைதான். ஆனால் வேறொன்று இருந்தது. "மேசைல ஸ்கோர் எழுதறவங்க எந்த டீம்லயும் பதிஞ்சிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அதையும் நான்தான் ரைப் பண்ணினனான்," என்றார் மெற்றில்டா. பையில் இருந்து பதினொரு வருடப் புள்ளித்தாள்களை, நிறுத்துக் கடிகாரத்தை, விசிலை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தார். பத்ரிநாராயணன் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மெற்றில்டா நிற்கவில்லை, பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட்.

பின்னேரமே தில்லையம்பலம் தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, முழங்கால் பத்திரம்."

"கிருஷாந் போன பிறகு நீங்கள் உங்கட ரீமைப் பத்திரமாப் பாருங்கோ அண்ணை."

அதுவும் வெறும் பேச்சில்லை. மலர்களை வைத்து, புதிய விதிப்படி மெற்றில்டா மறுபடி எண்ணியிருந்தார். 2012இல் அத்தனாசியாருக்குப் பத்தொன்பது பேர், கொன்வென்றுக்குப் பதினாறு. மணற்குடாவுக்கு நாலு. மற்ற அணிகளுக்கும் ஏழு எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். விலகுவதாகச் சொன்ன இரண்டு அணிகளும் படிவம் கொடுத்துவிட்டன.

தொடரில் இப்போது ஏழு அணிகள். 2007 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு லூயிஷாமில் முதல் ஆட்டம், மணற்குடாவும் கொன்வென்றும். மேசையில் புள்ளி எழுத இன்னும் ஆள் கிடைக்கவில்லை.