மேலாளருக்குப் பக்கத்தில் நின்றவர்

கல்யாணசுந்தரம் நடிகரானது அரைத் தூக்கத்தில்தான். ரெய்னர்ஸ் லேனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போக ஜாக்கெட்டைக் கையில் எடுத்த ஒரு மார்ச் மாதக் காலையில், படம் பிடிக்கிறவர்கள் இரண்டு வான்களில் வந்து இறங்கினார்கள். முதலாளி இரண்டு மணித்தியாலத்துக்குக் கடையை அவர்களுக்கு விட்டிருந்தார். காசாளராக நடிக்கவேண்டியவர் வந்து சேரவில்லை. தலைமயிருக்குள் பென்சில் செருகியிருந்த பெண் நெறியாளர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களே நில்லுங்கள். தினமும் செய்வதையே செய்யுங்கள். வேறொன்றும் வேண்டாம்."

கதாநாயகன் உள்ளே வந்தான். கல்யாணக் கோட்டு, தலை முதல் கால் வரை ஈரம், கக்கத்தில் உயிருள்ள ஒரு வாத்து. ஒரு சொக்லேட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். கல்யாணசுந்தரம் விலையைப் பதிந்தார், நன்றி சொன்னார், துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் வாத்து அவருடைய மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. மெல்ல, மிக மெல்லத் தலையை நிமிர்த்தினார். கதவு மூடி வெகுநேரமாகியிருந்தது.

கமராவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குனிவது தெரிந்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி சுசிலா கதவடியிலேயே கேட்டார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ஒரு வாத்து வந்தது."

"எங்கை?"

"கடைக்கு."

சுசிலா அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதல்லை போய்ப் படுங்கோ" என்றார்.

அந்த ஆறு செக்கன் பார்வை ரீவியில் போனபிறகு ஒரு ஏஜென்ட் கூப்பிட்டார். பிறகு இன்னொரு படம், இன்னொரு தொடர். பதினைந்து வருடத்தில் கல்யாணசுந்தரம் போடாத சீருடை இல்லை. பஸ் சாரதி, பல் வைத்தியர், தபால்காரர், மிருகக்காட்சிச்சாலைக் காவலாளி. கதாநாயகன் ஏதாவது பைத்தியக்காரத்தனம் செய்வான், இவர் பிந்திப் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'இரண்டாவது டாக்ஸிக்காரர்' என்று வரும்போது சுசிலா ரீவியை நிறுத்தி வைத்து மகள் மேனுஷாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்குகளில் ஆட்கள் வந்து, "அண்ணை, உங்கடை தலை ஒருக்காத் தெரிஞ்சது" என்பார்கள். ஓம், தெரிஞ்சதுதான் என்பார் இவர்.

ஷூட்டிங்கில் அவருக்குப் பிடித்தது காத்திருக்கிற நேரம். எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, கட்டிவைத்த வீடுகளுக்குள் தனியே போய் இருப்பார். கூரையில்லாத சமையலறை. திறந்தால் சீமெந்துச் சுவர் தெரிகிற அறைக்கதவு. யன்னலுக்கு வெளியே துணியில் கீறிய கடல், அதன் மேல் அசையாத ஒரு கப்பல். யாருடையதும் இல்லாத கதிரையில் அமர்ந்து அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், காற்றில் உப்பு மணப்பதுபோல இருக்கும். தான் இப்போது எந்த ஊரில், எந்த வயதில் இருக்கிறேன் என்பதே சில நிமிடங்களுக்கு அவருக்குத் தேவைப்படாது. யாராவது வந்து கூப்பிட்டால் நீருக்கடியிலிருந்து வருகிறவரைப்போல எழுந்து போவார்.

ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு நிரந்தரமாக ஒரு மேசை கிடைத்தது. கடலோர விடுதி ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். டெஸ்மண்ட் என்ற பெரிய நடிகர் மேலாளர். அவர் கத்துவார், ஓடுவார், படியில் விழுவார். கல்யாணசுந்தரம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று பார்க்கிற எழுத்தர். முந்நூறு பேரை முன்னால் இருத்தி வைத்துப் பிடிக்கிற தொடர் அது. நான்கு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. டெஸ்மண்ட் அவரைச் சுந்தர் என்று கூப்பிடுவார், சாப்பாட்டு நேரத்தில் சுசிலாவின் கத்தரிக்காய்க் குழம்பில் பாதியை எடுத்துக்கொள்வார்.

ஐந்தாம் வருடம் ஒருநாள், விருந்தாளி ஒருவரைத் துரத்திவிட்டு மேசைக்குத் திரும்பி வந்த டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. நடிப்பு இல்லை என்பது கண்களைப் பார்த்ததும் கல்யாணசுந்தரத்துக்கு விளங்கிவிட்டது. அந்தக் கண்களுக்குள் ஆளே இல்லை. முந்நூறு பேரும் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தார்கள். கல்யாணசுந்தரம் மேசையிலிருந்த பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"மன்னிக்கவேண்டும் சேர். இந்த நேரத்தில் வழக்கமாக நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்."

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டெஸ்மண்ட் திரும்பி வந்து, அவரை நன்றாகத் திட்டினார்.

ஒப்பனை அறை வாசலில் டெஸ்மண்ட் அவருடைய கையைப் பிடித்தார். "நான் எங்கேயோ போய்விட்டேன் சுந்தர். வெள்ளையாக ஓர் இடம். பயமாகக்கூட இல்லை. தூரத்தில் உன் குரல் கேட்டது." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரிடமும் சொல்வாயா?" என்றார்.

"என்னிடம் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். கேட்காதவரை சொல்லமாட்டேன்."

அன்றிலிருந்து கல்யாணசுந்தரம் இரண்டு பேருடைய வசனத்தையும் பாடமாக்கத் தொடங்கினார். வீட்டு சோபாவில் சுசிலா வசனத் தாளைப் பார்த்து மேலாளரின் பகுதியை வாசிப்பார்.

"இதிலை எழுதினதைவிட நீர் கூட ஏசுறீர்."

"எழுதினவைக்கு உங்களைத் தெரியாதுதானே."

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. டெஸ்மண்ட் மறக்கும் இடமெல்லாம் கல்யாணசுந்தரம் தொலைபேசியை எடுத்தார், மணியை அடித்தார், முதல் சொல்லைத் தானே சொல்லி நீட்டினார். பத்திரிகைகள் டெஸ்மண்ட் இவ்வளவு நன்றாக ஒருபோதும் செய்ததில்லை என்று எழுதின. கடைசியில் இளம் தயாரிப்பாளர் ஒருவர் வந்து, "டெஸ்மண்டுக்கு என்ன?" என்று நேரே கேட்டார்.

"வாருங்கள், அவரிடமே கேட்போம். நானும் பக்கத்தில் இருப்பேன்."

டெஸ்மண்ட் எல்லாவற்றையும் தானே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, பாரம் இறக்கியவர்போலக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டார். தொடரின் அந்தப் பருவம் முடிந்ததும் விலகினார்.

ஒரு மாதத்தில் தயாரிப்பாளர் திரும்பி வந்தார். எழுத்தருக்குப் பதவி உயர்வு. இனி கல்யாணசுந்தரம்தான் மேலாளர். கதாபாத்திரத்துக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

"எடுக்கிறதோ விடுகிறதோ?" என்று சுசிலாவைக் கேட்டார்.

"எடுங்கோ. நீங்கள் விட்டாப்போலை அவர் திரும்பி வரப்போறாரோ?"

எடுத்தார். கத்தினார், ஓடினார், படியிலும் விழுந்தார். ஒரு வசனத்தையும் விடவில்லை. முன்வரிசையில் சுசிலாவும் மேனுஷாவும் இருந்தார்கள். மண்டபம் மரியாதையாகச் சிரித்தது. ரயிலில் வரும்போது மேனுஷா, "நல்லாத்தான் செய்தீங்கள் அப்பா" என்றாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பின்வளவுகளில் காய்ந்த உடுப்புகளும் பிள்ளைகளின் ஊஞ்சல்களும் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வழுகிப் போயின. இவர் மேலாளராக நடித்த ஆறு பாகங்களுடன் தொடரை நிறுத்தினார்கள். அவருக்குக் கவலை இருந்தது. ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஏஜென்ட், பாதிரியார் ஒருவரின் தோட்டக்காரராக இரண்டு நாள் வேலை என்று கூப்பிட்டபோது, அளவெடுக்கப் போய்த் தொப்பியைப் போட்டுப் பார்த்த கணத்திலேயே உடம்பு இலேசானது.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலை வரும். வேலையில்லாத வியாழக்கிழமைகளில், பின்னர் என்கிற பக்கத்து ஊரில் டெஸ்மண்ட் இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்குப் போவார். டெஸ்மண்டுக்கு அவரைத் தெரியாது. ஆனால் நல்ல மனிதர் யாரோ வந்திருக்கிறார் என்று எழுந்து கைகொடுப்பார்.

போன மாதம் ஒரு பின்னேரம், பொது அறை ரீவியில் அந்த விடுதித் தொடர் போய்க்கொண்டிருந்தது. மழைவெயில் திரைச்சீலையில் அசைந்தது. முதியவர்கள் சிலர் தூங்கினார்கள், சிலர் சிரித்தார்கள். டெஸ்மண்ட் முன்னால் குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"யார் அந்த மேலாளர்?"

"பெரிய நடிகர்."

"பக்கத்தில் நிற்கிறவர்?"

"அவரோடு வேலை செய்தவர்."

டெஸ்மண்ட் இன்னும் கொஞ்சம் பார்த்தார். தொழில் தெரிந்தவருக்கே உரிய முகச்சுளிப்புடன், "கண்ணை உருட்டுகிறார். கொஞ்சம் குறைக்கலாம்" என்றார்.

கல்யாணசுந்தரமும் திரையைப் பார்த்தார். உண்மைதான், அந்த இடத்தில் தன்னுடைய பார்வை கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

"சொல்லிவிடுகிறேன்" என்றார்.

தாதி தேத்தண்ணீர்த் தட்டுடன் வந்தார். இருவரும் ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக்கொண்டு மீதியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.