மடிப்புப் பிரித்த ஸ்கர்ட்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில், இஸ்திரி மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு நீளக் கம்பி உண்டு. அளவு கொடுத்தவர்கள் வாங்க வராத உடுப்புகளெல்லாம் அதில்தான் தொங்கும். பள்ளி திறந்து நாளாகியும் ஒரு ஸ்கர்ட் அங்கேயே தொங்கினால், அதைப் போட வேண்டிய பிள்ளை படிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். வாத்தியார்களுக்குத் தெரியும் முன்பே தையல்காரிக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? தூசி தட்டிவிட்டுத் தன் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய வேலை அடி மடிப்பு. ஒருவர் வெட்ட, இன்னொருவர் பக்கம் மூட்ட, கடைசியில் எல்லா ஸ்கர்ட்டும் அவள் கைக்கு வரும். ஆறாவதோடு நின்று, மிஷினில் உட்கார்ந்தவள். முதுகு கூன் போட ஆரம்பித்துவிட்டது. கணவன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று லாரிக்குத்தான் தெரியும். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் எட்டாவது, சின்னவள் நாலாவது. தன்னைப் போல இவர்களும் நூலோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கிருந்த ஒரே பிடிவாதம்.

தையல்காரி வீட்டுப் பிள்ளைக்கு என்றைக்குமே புது உடுப்பு கடைசியில்தான். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்து மூச்சுவிடுவதற்குள் பள்ளி திறந்துவிடும். பெரியவள் பழைய ஸ்கர்ட்டோடு போய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புவாள். "இந்த வருஷம் உனக்குத்தான் முதல்ல தைப்பேன், போதுமா?" என்று அம்மா வாக்குக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், வேலை குறைவாக இருந்த நாளில், பரீட்சை முடிவு வரும் முன்பே, ஒன்பதாவதுக்கான பேண்ட்டும் நீளச் சட்டையும் தைத்தே விட்டாள். அந்தப் பள்ளியில் எட்டாவது வரை ஸ்கர்ட், ஒன்பதாவதிலிருந்து பேண்ட். பெரியவள் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னாலேயே நின்றாள்.

முடிவு வந்தது. பெரியவள் தேறாமல் எட்டாவதிலேயே நிறுத்தப்பட்டாள்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது வீட்டில் சத்தம் இருந்திருக்கும். கொடியில் தொங்கிய பேண்ட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மறுபடி ஸ்கர்ட் துணி வாங்க வழியில்லை. பழையதையே எடுத்து, அடி மடிப்பைப் பிரித்து இறக்கினாள். அங்கேதான் வில்லங்கம். வெயிலில் வெளுத்த நீலத்துக்குக் கீழே, மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி கருநீலமாகத் தெரிந்தது. பழைய மடிப்புக் கோடு வேறு, ஸ்கேல் வைத்துப் போட்டது போலப் பளிச்சென்று நின்றது. பார்க்கிற யாருக்கும் புரியும், இது போன வருஷத்துப் பிள்ளை என்று.

"இதைப் போட்டுக்கிட்டு நான் போகமாட்டேன்" என்றாள் பெரியவள். "உன்கூடக் கடைக்கு வரேன். கொக்கி தைக்க எனக்குத்தான் தெரியுமே."

 கடையில், காது கேட்கிற தூரத்தில் கடைக்காரர் இருந்தபோது, அம்மா இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தாள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் பள்ளி திறக்கிற நேரத்தில் அவருக்கு மனிதர்களெல்லாம் வேலை செய்யும் கைகளாகத்தான் தெரிவார்கள்.

"படிப்பு வரலைன்னா விடேம்மா. நல்ல கை இருக்கு பொண்ணுக்கு. நாளைக்கே கூட்டிட்டு வா, ஜன்னல் பக்கம் உக்காரட்டும்."

"பாக்கலாங்க" என்று மென்று விழுங்கினாள். பார்வை தானாகக் கம்பிக்குப் போனது. அங்கே தொங்குவதற்குத் தன் மகளின் ஸ்கர்ட் கூட வராது, பிள்ளையே வந்துவிடும் என்று நினைத்தபோது ஊசி தையலை விட்டு விலகி ஓடியது.

அன்று சாயங்காலம் மகளின் ஸ்கர்ட்டில், அந்தக் கோட்டை மறைத்து ஒரு கருநீல நாடாவை வைத்துத் தைத்தாள். தூக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது ஸ்கர்ட்டுக்கு நடுவே இது ஒன்றில் மட்டும் நாடா இருந்தால்? மறைத்தது இன்னும் எடுப்பாகத் தெரியாதா? இதை யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுநாள் எட்டாவது வகுப்பு ஸ்கர்ட்டுகளின் கட்டு அவள் மிஷினுக்கு வந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். நாடாச் சுருளை மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒன்று விடாமல் எல்லா ஸ்கர்ட்டிலும், அடியிலிருந்து அதே உயரத்தில், அதே கருநீல நாடாவை ஓட்டிவிட்டாள்.

வேறு யாருக்கும் தோன்றாத வேலை. செய்து முடித்த பிறகுதான் உறைத்தது. வேலை போனால் வீடு என்னாவது? பிரிக்கலாமென்றால் கட்டு ஏற்கெனவே இஸ்திரி மேஜைக்குப் போய்விட்டது.

வாங்க வந்த ஒரு தாய் கேட்டேவிட்டாள். "இந்த வருஷம் புது மாதிரியா?"

கடைக்காரர் ஸ்கர்ட்டைப் பார்த்தார், தையல்காரியைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "ஆமாங்க, பள்ளிக்கூடத்துல கேட்டாங்க" என்று அளந்துவிட்டார். தாய் போனதும் மிஷின் பக்கம் வந்தார்.

"யாரைக் கேட்டும்மா இப்படிப் பண்ணே? ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சுன்னா உன்னைத்தான் கை காட்டுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

பள்ளி திறந்த அன்று பெரியவள் நாடா வைத்த ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வருவாளோ என்று அம்மா வாசலிலேயே நின்றாள். கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் மிஷினை நிறுத்தினாள். மத்தியானம் கடைக்காரர் போனை வைத்துவிட்டு நேராக அவளிடம் வந்தார். அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ். பட்டை பாக்க அழகா இருக்காம். ஏழாவதுக்கு ஏன் வைக்கலைன்னு கேக்குறாங்க." அவர் மீசைக்குள் சிரித்தார். "தப்பிச்சே போ."

அவள் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் நடை லேசாக இருந்தது. கொக்கி தைக்க வேண்டிய கட்டு மட்டும் தோளில் கனத்தது, காலையில் கொடுத்தாக வேண்டும்.

பெரியவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கட்டை இறக்கியதும், யாரும் சொல்லாமலே ஊசியில் நூல் கோத்து முதல் கொக்கியை எடுத்துக்கொண்டாள்.

"யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. எல்லார் ஸ்கர்ட்லயும் இருக்கே. நீதானே?"

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"ஆனா நாளைக்குப் போகலம்மா. பட்டையை யாரும் பாக்கல. மிஸ் கணக்கு போட்டாங்க. அதே கணக்கு. போன வருஷம் எந்த இடத்துல புரியலையோ, அதே இடத்துல இப்பவும் புரியல. இன்னொரு வருஷம் உக்காந்தாலும் அதேதான்."

அம்மா ஒரு வாரமாக நாடாவோடு போராடியிருக்கிறாள். இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டாள். "எந்த இடத்துலடி?"

"எட்டாவதுல இல்ல. அஞ்சாவதுல." கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "கொக்கி தைக்க ஆள் இல்லன்னு என்னை வீட்ல நிறுத்தினியே. திரும்பப் போனப்ப எல்லாரும் ஒரு நம்பருக்குக் கீழே கோடு போட்டு இன்னொரு நம்பரை எழுதிக்கிட்டு இருந்தாங்க. அது என்னன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. கேக்காமலே விட்டுட்டேன். அதுக்கப்புறம் வர்ற எல்லாத்துலயும் அது வருது. வருஷா வருஷம் தள்ளி விட்டாங்க, எட்டாவதுலதான் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

அம்மாவுக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருந்தது. கொஞ்ச நாள்தானே என்று சொன்னதும், பிள்ளை சந்தோஷமாகத் தலையாட்டியதும்.  மகள் கையிலிருந்த ஊசியை வாங்கி நூல்கண்டில் குத்தி வைத்தாள். கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"சின்னவளே, உன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டா."

இந்த வருஷம் ஐந்தாவதுக்கு வந்திருந்த சின்னவள் புதுப் புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். "அக்காவுக்கு எதுக்கு என் புக்கு?"

பெரியவளின் முகம் சுருங்கியது. அம்மா அதைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு இல்லடி, எனக்கு. எனக்கும் அது வராது."

மூன்று பேரும் பாயில் குனிந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். நடுவில் ஓரிடத்தில் பெரியவள் கையை வைத்தாள். நம்பருக்குக் கீழே நம்பர், நடுவில் கோடு. மேலே 'பின்னங்கள்' என்று தலைப்பு.

"இதுதான்."

அம்மா முறைத்து முறைத்துப் பார்த்தாள். உண்மையிலேயே ஒன்றும் விளங்கவில்லை. "நீ சொல்லேன்" என்று சின்னவளைத் தட்டினாள்.

"நாங்க இன்னும் அந்தப் பாடத்துக்கு வரலம்மா."

"எப்ப வரும்?"

"தெரியாது. மிஸ் ஒருநாள் நடத்துவாங்க."

ஓரமாகக் கிடந்த கட்டை அம்மா திரும்பிப் பார்த்தாள். காலையில் கொடுத்தாக வேண்டியது அப்படியே கிடந்தது. இனி இப்படி எத்தனை கட்டு வருமோ, அதில் எந்தக் கட்டு அந்த நாளில் வந்து நிற்குமோ.

"அந்த ஒருநாள் நீ வீட்ல இருக்கக் கூடாது, கேட்டியா" என்றாள் சின்னவளிடம். "என்ன ஆனாலும் போகணும். வந்து எங்க ரெண்டு பேருக்கும் சொல்லித் தரணும்." பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். "அதுவரைக்கும் நீ நிக்காதடி. போய்க்கிட்டே இரு."

 பெரியவள் புத்தகத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.