அழித்த படம்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. எங்கள் வீட்டு வாகே அப்படி. அண்ணன் பட்டு நூலும் டிசைனும் கொடுத்து முள்ளிப்பட்டு கிராமத்தில் சேலை நெய்ய வைப்பவர். டிசைன் விழுவதற்காக ஓட்டை குத்தித் தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டை பழசாகி உதவாமல் போனால்கூடக் குப்பையில் போடமாட்டார்; துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போடுவார். ஓட்டைகளைப் பார்த்தே பார்டரைத் திருடிவிடுவார்களாம்.

எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வரைந்த படத்தைக் கொடுத்தால் அட்டையில் எங்கெங்கே ஓட்டை விழவேண்டும் என்று சொல்கிற புரோகிராம் ஒன்றை எழுதினேன். அதை ரெப்போ என்கிற புரோகிராம் கிடங்கில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆன்லைனில் போடப்போவதாகச் சொன்னதும் அண்ணன் குதித்தார்.

"ஊருக்கே தொறந்து வுட்டுட்டு அப்புறம் பேஜார் ஆவாத. டிசைன் ஒண்ணுகூட வெளிய போவக்கூடாது."

"நான் என்ன கூறுகெட்டவளா? புரோகிராம் மட்டும்தாண்ணா போவும்."

பப்ளிக் ஆக்குமுன் ஒவ்வொரு ஃபோல்டராகத் துழாவினேன். நல்லவேளை, சோதனைக்காக நான் போட்டு வைத்திருந்த நெல்மணி பார்டர் படம் கண்ணில் பட்டது. முகூர்த்த சீசனுக்காக அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்த பார்டர் அது. அழித்தேன். 'மாதிரிப் படம் நீக்கம்' என்று குறிப்பும் எழுதிப் பதிந்த பிறகே ஏற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதே நெல்மணி பார்டர் ஒரு பவர்லூம் சேலையில் தொங்கியது. எங்கள் சேலை இன்னும் தறியை விட்டே இறங்கவில்லை.

எங்களுக்குப் பல வருஷமாக அட்டை குத்தித் தருகிறவர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. "அவரைத் தவிர வேற யாருண்ணா பாத்தா?" என்று தூபம் போட்டவள் நானேதான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா நான் குடுக்கலைங்க," என்றார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார் அண்ணன். எனக்கு அப்போது கொஞ்சமும் மனசு இளகவில்லை.

ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் அந்தச் சேலையை வாங்கி வந்து விரித்தேன். வரிசையில் ஒரு நெல்மணி தலைகீழாக இருந்தது. அண்ணன் முதலில் வரைந்த படத்தில் இருந்த பிழை அது. அட்டை குத்த உட்கார்ந்தபோது நாங்கள் துரத்திய அந்த மனிதர்தான் அதைக் கண்டுபிடித்து அந்தத் தாளிலேயே திருத்தினார். எங்கள் அட்டையில் அந்தப் பிழை கிடையாது. பிழையோடு மிஞ்சிய படம், திருத்துமுன் நான் ஸ்கேன் செய்து என் கம்ப்யூட்டரில் போட்டது மட்டும்தான்.

ரெப்போவைத் திறந்தேன். ஐயோ, பழையது எதுவும் தொலையக்கூடாது என்றுதானே அதையே கட்டுகிறோம்! நான் அழித்த படம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி, அழிப்பதற்கு முந்தைய பதிவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எங்கே தேடவேண்டும் என்று என் குறிப்பே வழிகாட்டியது. தூ, நானும் ஒரு கம்ப்யூட்டர்காரி!

அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அட்டை குத்துறவரு வூட்டுக்குப் போ," என்றார்.

போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சிடுங்க. அண்ணன் உங்கள வேலைக்கு வரச் சொன்னாரு. நீங்க எடுக்கலைன்னு தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்றேங்க," என்றேன்.

அவர் பதறிப்போய் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"ஐயய்யோ, வாணாம்மா. நீங்க துரத்துனதக் கேள்விப்பட்டு வேற ஒரு பவர்லூம்காரரு என்னைச் சேத்துகினாரு. உங்க டிசைனெல்லாம் எடுத்தாருவேன்னு நெனச்சிகினு இருக்காரு. உங்க வூட்டுக்கு இனிமே நான் வரமாட்டேன். இங்கயாவது நாலு நாள் ஓட்டிக்கிறேன். நான் திருடலன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."