இரண்டு வளையமும் ஒரே பீக்கும்

அடையாறில் நான் ஆராய்ச்சி செய்த கூடத்தில் எங்களுக்கு வாய்த்த கைடு மயிலாப்பூர் மாடவீதிக்காரர். காபிப் பொடியைக்கூட இரண்டு மூன்று வகைக் கொட்டை கலந்து அரைத்தால்தான் அவருக்கு இறங்கும். வேதியியலையும் அதே அறிவோடுதான் செய்தார். கருவியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பேச்சைக் கேட்டால் யாருக்கும் அது தெரியாது.

எனக்கு ஜூனியராக சிந்தாதிரிப்பேட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. ஒரு மருந்து மூலக்கூறை அவள் தயாரித்திருந்தாள். அதற்கு இடது கை, வலது கை மாதிரி கண்ணாடிப் பிம்பங்களாக இரண்டு உருவம் உண்டு. தான் செய்தது இடக்கை மட்டும்தான் என்று அவள் நிரூபித்தால்தான் தீசிஸ். தீசிஸ் முடிந்தால்தான் ஒரு கல்லூரியில் தருவதாகச் சொல்லியிருந்த வேலை.

பிரித்துப் பார்ப்பது என் பொறுப்பு. தலைமுடி போல மெல்லிய குழாய், உள்ளே உப்புக் கரைசல், இரண்டு முனையிலும் மின்சாரம். கரைசலில் வளையமாக அமைந்த ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறைக் கலந்தால் அது ஒரு கையைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்து நிறுத்தும், மற்றது முந்திவிடும். திரையில் இரண்டு பீக், அதாவது முகடு, எழுந்தால் இரண்டு கையும் இருக்கிறது என்று பொருள். எழுந்தது. பெரியதை ஒட்டி அரைகுறையாக இன்னொன்று.

"ஒரு வளையம் போறாது. இன்னொண்ணையும் சேர்த்துப் போட்டுண்டா நன்னா பிரியும்," என்றார் கைடு.

கலப்பதில் தப்பில்லை. ஜோடி சரியாக அமைந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எந்த வளையம் எந்தக் கையைப் பிடிக்கிறது என்று முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த அற்ப வேலைக்கெல்லாம் அவருக்கு நேரமேது? அலமாரியில் கைக்கு எட்டிய இன்னொரு வளையத்தின் டப்பாவை எடுத்து நீட்டினார்.

அதையும் கலந்து அவள் சாம்பிளை ஓட்டினேன். ஒரே பீக் வந்தது. "பார்த்தேளா, சுத்தம்," என்று ஆழ்வார்பேட்டையிலிருந்து மைசூர்பாகு வரவழைத்தார்.

"இன்னாக்கா, ரெண்டு இருந்துச்சே, இன்னொண்ணு எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டாள் அவள். இனிப்பைத் தின்றவர்களில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

இரண்டு கையும் சரிபாதி கலந்த சாம்பிளை அதே கரைசலில் ஓட்டினேன். அதுவும் ஒரே பீக். முதல் வளையம் இடக்கையைப் பிடிக்க, இரண்டாவது வலக்கையைப் பிடிக்க, இரண்டும் ஒரே அளவு தாமதமாகி ஒன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் முறைக்குக் கண்ணே இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போய் படத்தைக் கைடு மேஜையில் வைத்தேன்.

"இதை யார் உன்னை ஓட்டச் சொன்னா?" என்றார். விஞ்ஞானியாம். உண்மை தெரிந்ததைவிட அனுமதி கேட்காமல் தெரிந்ததுதான் அவரைச் சுட்டது.

"கொஞ்சம் டைம் குடுங்க சார். மறுபடி சுத்தம் பண்ணிக் கொண்டாரேன்," என்று அவள் கெஞ்சினாள்.

"அதெல்லாம் யாரும் கேக்கமாட்டா. அப்படியே எழுது."

எழுதினாள். வைவாவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரின் முதல் கேள்வியே அதுதான்: "ரெண்டும் கலந்த சாம்பிளை இந்த மெத்தட்ல ஓட்டிப் பாத்தீங்களாம்மா?"

முன்வரிசையில் இருந்த கைடு நிதானமாக அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் அப்பவே சொன்னேனே, ஓட்டிப் பார்க்கலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த மனிதரின் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது.

"மறந்துட்டேன் சார்," என்றாள்.

திருத்திக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். கல்லூரி வேலை அதுவரை காத்திருக்கவில்லை.

அன்று அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது கைடு தேர்வாளரிடம் சொல்லிக்கொண்டு போனார்: "சின்னப் பொண்ணு. போகட்டும்னு மன்னிச்சுட்டேன்."