கொள்ளைக் கப்பலுக்கு ஒரு மொய்

காவிரிப் பாலத்தின் நடுவில் எங்கள் பஸ் நின்றது. எதிரே ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸும் நின்றது. இரண்டு டிரைவர்களும் ஜன்னலோடு ஜன்னலாகப் பேச ஆரம்பித்தார்கள். பின்னால் பாலம் முழுக்க ஹாரன்.

“முன்னாடி எப்படி?” என்று கேட்டார் எங்கள் டிரைவர்.

“சிக்னல்கிட்ட செக்கிங் நிக்கிறாங்க, பார்த்துப் போ. உன் மாமனாருக்கு இப்ப எப்படி இருக்கு?”

“வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அவ்வளவுதான். இரண்டு பஸ்ஸும் கிளம்பின. பக்கத்தில் நின்றவர் திட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும், மேல்கம்பியில் தொங்கியபடி, விண்வெளியின் பெரிய சிக்கல் ஒன்று தீர்ந்துவிட்ட பூரிப்பில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் கதையில் வரும் கப்பலின் ஆட்களாகப் பேசுவார்கள். என்ன நடக்கும் என்பதில் சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். கப்பல் மரக்கப்பல், நட்சத்திரங்களுக்கு நடுவே பாய் விரித்துப் போகும். அங்கே எப்படி மூச்சு விடுவது என்று கேட்டார்கள். மந்திரம் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். மந்திரத்தை நம்பியவர்கள்தான் பயணத்தை நம்பவில்லை.

நான் வைத்திருந்த முறைப்படி, கப்பல் துறைமுகத்தை விட்டதும் பகடை உருளும். கொள்ளையர் வருவார்கள். அவர்களை அடித்து முடித்தால் டிராகன் வரும். டிராகன் போனால் பேய்க்கப்பல். பாலக்கரைச் செருப்புக்கடைக் குடும்பத்துப் பையன் ஒருவன்தான் எங்கள் கேப்டன். பாலத்தில் பஸ் நின்றதற்கு முந்தின ஞாயிறு அவன் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

“மாப்ள, ஆகாசம்னா காலியா இருக்கும்னுதான்டா படிச்சோம். உன் ஆகாசத்துல மார்க்கெட்ட விட நெரிசலா இருக்கு. வர்றவன் எல்லாம் நம்மளையே தேடி வர்றானே, வேற சோலி இல்லையா அவனுங்களுக்கு?”

அறைக்குச் சொந்தக்காரனான நண்பன் இன்னும் நேரடியாகச் சொன்னான். காந்தி மார்க்கெட் அருகே அவன் அப்பாவின் வெங்காய மண்டிக்கு மேல்மாடிதான் எங்கள் விண்வெளி. “அப்பா இங்க பூண்டு மூட்டை அடுக்கணும்ங்கிறார். வர்ற வாரமாச்சும் ஆட்டம் உருப்படியா இருந்தா கெஞ்சிப் பார்க்குறேன். இப்படியே போச்சுன்னா பூண்டே வரட்டும்.”

அவன் தங்கை கப்பலின் சரக்குப் பொறுப்பாளர். “பூண்டுக்காவது ஒரு வாசனை இருக்குண்ணா,” என்றாள்.

ஆக, பாலத்தில் நான் கண்டது இதுதான். எதிரே வருகிறவன் நமக்காக வரவில்லை. அவன் பாட்டுக்கு எங்கிருந்தோ எங்கேயோ போகிறான். நாம் போகப்போகும் பாதை அவன் வந்த பாதை என்பதால் அவனிடம் நமக்குத் தேவையான சேதி இருக்கிறது. நம் மாமனாரை வேறு விசாரிக்கிறான். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து விண்வெளிக்குப் பாதைகள் போட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் கப்பல்கள் போகும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கூட்டம், தள்ளிப் போகப் போக யாரும் இல்லை. எதிரெதிரே வரும் கப்பல்கள் பாயைச் சுருக்கி நின்று விசாரிக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் கிளம்பிய ஊர், போகும் ஊர், அவசரத்துக்கான காரணம். கொள்ளையருக்கும் உண்டு. அங்கேதான் கோட்டைவிட்டேன்.

ஞாயிறு நான் அங்கே போனபோது மாடிப்படியில் முதல் பூண்டு மூட்டை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது. உப்பு ஏற்றிய கப்பல் ஒன்று எதிரே வந்து, மேற்கே காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நல்ல சகுனம். உடனே கறுப்புப் பாய் கட்டிய கொள்ளைக் கப்பலை இறக்கினேன். பீரங்கிகள் திரும்பின. பகடையைக் கையில் எடுத்தேன்.

கேப்டன் எடுக்கவில்லை. “எந்த ஊருங்க நீங்க?” என்றான்.

தயாரித்து வைத்திருந்ததால் சொல்லியே ஆகவேண்டும். “சந்திரத்துறை.”

“இவ்ளோ தூரம் வர்ற அளவுக்கு என்ன அவசரம்?”

“எங்க தலைவரோட தங்கச்சிக்குக் கல்யாணம். பட்டு வேணும். மரியாதையா குடுத்துடுங்க.”

“அட, கல்யாணமா!” என்றாள் தங்கை. “அண்ணா, நம்ம சரக்குல பட்டு இருக்குல்ல? மொய்யா வச்சுடுவோம்.”

“அதெப்படி? அவங்க கொள்ளையடிக்க வந்திருக்காங்க,” என்று நான் கத்தினேன்.

“குடுத்துட்ட பொருளை எப்படிடா கொள்ளையடிப்பான்?” என்றான் மண்டி நண்பன். “ஏங்க, பத்திரிகை எங்க? மொய் வாங்கிக்கிட்டு பத்திரிகை வைக்காம போறீங்க?”

மொய் வாங்கியவன் கூப்பிட்டாக வேண்டும். மந்திர உலகத்திலும் அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. கொள்ளையர் தலைவன், என் குரலில், மிகுந்த சங்கடத்தோடு எல்லாரையும் குடும்பத்தோடு வரச் சொன்னான். பீரங்கிகளை வந்த வழியே திருப்பினேன். நான் மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்த டிராகன் போர் வடக்கே எங்கேயோ ஆளில்லாமல் நடந்துகொண்டிருக்க, எங்கள் கப்பல் கல்யாண வீட்டுக்குத் திரும்பியது. மூவரும் சிரித்த சிரிப்பில் அப்பாவே மேலே வந்துவிட்டார்.

“என்னப்பா சத்தம்?”

மகன் விளக்கினான். அவர் வாசலில் நின்றபடி கடைசிவரை கேட்டார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சா?”

“இன்னும் இல்லப்பா. அவங்க கப்பல் தாமதம்.”

“சரி, கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் பூண்டைக் கீழ வைக்கிறேன்,” என்று இறங்கிப் போனார்.

ஆகவே இந்தக் கல்யாணம் சீக்கிரம் முடியக் கூடாது. மாப்பிள்ளைக் கப்பல் ஆளே இல்லாத பாதையில் மாட்டியிருக்கிறது. எங்கள் ஆட்கள் அதைத் தேடிக் கிளம்புகிறார்கள். எதிரே ஒரு கப்பல்கூட வரக் கூடாது. ஆனாலும் மூவரும் சலித்துப்போய் எழுந்து போகக் கூடாது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாளை மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, துறையூர் பஸ்ஸில் ஏறி கடைசி சீட்டில் உட்காரப் போகிறேன். ஒன்றுமே நடக்காதபோது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.