தரையில் வைத்த கத்தி

ஆறுமுகநயினாருக்குச் சொந்த ஊர் ஆத்தூருக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் பாயும் ஒரு வயல்காட்டுக் கிராமம். அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒன்றரை ஏக்கர் என்றால் ஆளுக்கு வரப்புதான் மிஞ்சும். அதனால் இருபத்திரண்டு வயதில் தூத்துக்குடிக்கு வந்து, ஹார்பரில் கப்பலிலிருந்து மரக்கட்டை இறக்கும் கேங்கில் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தாறு. குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூட விசேஷ வீட்டில் நீட்டினால்தான். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. மடக்குக்கத்தி சேர்ப்பார்.

அதிலும் கைப்பிடி அக்ரிலிக்காக இருக்க வேண்டும். மான்கொம்புப் பிடி, மரப்பிடி, பித்தளைப் பிடி என்று எதைக் காட்டினாலும் மூக்கைச் சுளிப்பார். அக்ரிலிக் பிடியை வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு உலகம் தெரியும். சிலது கப்பலடித் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் நிறம் நிறமாகச் சுழித்திருக்கும், சிலது சிப்பியின் உள்பக்கம்போல் மினுங்கும். அவர் பெஞ்சாதி இசக்கித்தாய் அதற்கு மிட்டாய்க் கத்தி என்று பெயர் வைத்திருந்தாள்.

முதல் கத்தி ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கொடுத்தது. கயிற்றுச் சுருளுக்குள் மாட்டிக்கொண்ட அவன் காலை ஆறுமுகநயினார் இழுத்துவிட்டார். அவன் நன்றிக்குத் தன் இடுப்புக் கத்தியை எடுத்து நீட்டினான். நீலப் பிடி. இவர் கையை நீட்டவில்லை. கீழே வை என்று சைகை காட்டினார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் பகை வந்துவிடும். ஒருவர் தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வீட்டில் அரிவாள்மனை கைமாறுவதுகூட அப்படித்தான். மாலுமி சிரித்துக்கொண்டே கயிற்றுச் சுருள்மேல் வைத்தான். இவர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கப்பல் வந்தால் போதும், டிபன் தூக்கோடு முந்திரி போட்ட தூத்துக்குடி மக்ரூன் ஒரு பொட்டலமும் போகும். மக்ரூனைக் கொடுத்துக் கத்தி வாங்கி வருவார். துருக்கிக்காரன் கொடுத்தது, உக்ரைன்காரன் கொடுத்தது, திருச்செந்தூர் மாசித் திருவிழாக் கடையில் பேரம் பேசி வாங்கியது. முப்பத்து நாலு வருஷத்தில் முப்பத்தெட்டு கத்தி. ஞாயிற்றுக்கிழமை தோறும் தகர டப்பாவைத் திறந்து அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போடுவார், பிடியை ஈரத்துணியால் துடைப்பார். ஒருதரம் பெயிண்ட் தின்னரால் துடைத்து ஒரு பிடி பால்போல வெளுத்துப்போனது. அன்றைக்கு மனிதர் சாப்பிடவில்லை.

அவரோடு வேலை செய்யும் வெள்ளத்துரை கேட்பார்: “என்னவே நயினாரு, இத்தனை கத்தி வெச்சிருக்கீரு. ஒரு வெங்காயமாவது வெட்டினதுண்டா?”

“வெங்காயத்துக்கு உம்ம நாக்கு போதும்வே.”

இசக்கித்தாய் சொல்வாள்: “சட்டி ஓட்டை, சட்டி ஓட்டைன்னு நாலு மாசமாக் கத்துதேன். நீங்க மிட்டாய்க் கத்தி வாங்கிட்டு வாரீய.”

சிரித்துக்கொள்வார். ஆனால் உள்ளே ஒரு குறை இருந்தது. அந்தக் கத்திகளைப் பார்த்து, இது எந்த ஊர், இது எப்படிக் கிடைத்தது என்று ஒருத்தராவது கேட்டதில்லை. சேர்க்கிறவனுக்குக் கேட்கிறவன் வேண்டாமா?

கேட்கிறவரும் ஒரு நாள் வந்தார். மில்லர்புரத்தில் அவர் குடியிருந்த காம்பவுண்டில், பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். பெயர் ஜெர்சன், நாசரேத் பக்கம் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை டப்பா திறந்திருந்த நேரம் எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், ஒரு மணிநேரம் எழுந்திருக்கவில்லை.

“அண்ணாச்சி, அடுத்த மாசம் எங்க ஊர்ல ஒரு ஹால்ல எக்ஸிபிஷன் வைக்கோம். ஸ்டாம்ப், பழைய நாணயம், கிராமபோன்னு அவனவன் சேத்தத வைப்பான். நீங்க இதைக் கொண்டு வாங்க. உங்களுக்குத் தனி மேசை. பேரு எழுதி அட்டை வைப்போம்.”

“என் பேரையா?”

“பின்ன எம் பேரையா?”

அந்த ஒரு மாதமும் அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். மேசையில் எப்படி அடுக்குவது என்று வீட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தார். நிறத்தின்படிதான் சரி என்று முடிவு செய்தார். நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. இசக்கித்தாய் தன் கல்யாணப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்துக் கொடுத்தாள். 

எக்ஸிபிஷன் நடக்கிற சனிக்கிழமை காலையில் டப்பாவைத் துணிப்பையில் வைத்து, மடியில் ஏந்தி, பஸ் ஏறினார். இரண்டு நாளைக்கு முன்னால்தான் வழியில் ஒரு ஊரில் வெட்டுக்குத்து நடந்து ஒருவர் செத்துப்போயிருந்தார். ரோடெல்லாம் போலீஸ். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ஒரு இளவயது போலீஸ்காரர் ஏறினார்.

“யோவ், மடியில என்ன?”

“கத்தி சார்.”

பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் பலகாரம் என்று சொல்லியிருப்பார்.

“எத்தனை?”

“முப்பத்தெட்டு.”

பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போனார். கீழே இறக்கினார்கள். “ஒண்ணை எடு. குடு இங்க” என்று போலீஸ்காரர் கையை நீட்டினார். ஆறுமுகநயினார் டப்பாவைத் திறந்து, இருப்பதில் நல்லதாகப் பார்த்து, அந்த நீலப் பிடியை எடுத்தார். குனிந்து, போலீஸ்காரரின் பூட்ஸுக்கு முன்னால் தார்ரோட்டில் வைத்தார். மரியாதையாக ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

“எடுத்துக்கிடுங்க சார்.”

“என்னயா, கீழ போடுத?”

“போடலை சார், வைக்கேன். கைல குடுத்தாப் பகை வந்துரும்.”

“யாருகிட்ட பகைங்கிற? ஏறுயா ஜீப்ல.”

ஸ்டேஷனில் நடந்ததையெல்லாம் சொன்னார். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டுக்கொண்டார். ஜெர்சன் சார் நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஜெர்சன் சார் பதில் சொன்னார்.

“நாணயமும் ஸ்டாம்பும்தான் சார் எங்க எக்ஸிபிஷன்ல. கத்தியெல்லாம் நாங்க கூப்பிடலை. அவரைச் சும்மா பக்கத்து வீட்டுல பாத்திருக்கேன், அவ்வளவுதான்.”

வகுப்பில் பாடம் சொல்கிற அதே நிதானமான குரல். ஆறுமுகநயினார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சார், தனி மேசைன்னு சொன்னீங்களே என்று கேட்க வாய் வரவில்லை. படித்த மனிதர் பயந்தால் எவ்வளவு அழகாகப் பயப்படுகிறார் பாருங்கள்.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். போலீஸ்காரர்கள் ஒரு நீள மேசையில் முப்பத்தெட்டு கத்தியையும் விரித்து அடுக்கினார்கள், சிறிசிலிருந்து பெரிசு வரைக்கும். அவரைப் பின்னால் நிறுத்தினார்கள். அந்த மனிதருக்கு அப்போதும் புத்தி வரவில்லை.

“சார், அந்தப் பச்சை இங்கன வரணும்” என்றார்.

ஏட்டு சிரித்துவிட்டார். “இவன் ஒரு மாதிரியான ஆளு” என்றார்.

மறுநாள் காலையில் பேப்பரில் படம் வந்தது. ‘பஸ்ஸில் ஆயுதக் குவியல், ஒருவர் கைது.’ முப்பத்து நாலு வருஷமாக யாரும் பார்க்காத கத்திகளை அன்றைக்கு மாவட்டமே பார்த்தது.

ஜாமீனில் வந்த பிறகுதான் உண்மையான அடி விழுந்தது. ஹார்பருக்குள் போகிற பாஸ் புதுப்பிக்கிற மாதம் அது. நிலுவையில் வழக்கு இருக்கிறவனுக்குப் பாஸ் கிடையாது என்றார்கள். பாஸ் இல்லாதவனுக்குக் கப்பல் இல்லை. அஞ்சு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காம்பவுண்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவர் வீட்டு வாசல் பக்கம் விளையாட விடவில்லை. வெள்ளத்துரை மட்டும் வாரத்துக்கு ஒருதரம் வருவார், ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டுப் போவார். அந்த வாயாடி பேசாமல் இருந்ததுதான் ரொம்ப வலித்தது.

வக்கீல் அனிஷா சின்ன வயசுப் பெண். போலீஸ் எழுதிய காகிதத்தைப் படித்துக் காட்டினாள்: “‘போலீசாரைக் கண்டதும் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார்’னு எழுதியிருக்காங்க அண்ணாச்சி.”

“பின்வாங்கலைம்மா. அவர் குனிஞ்சு எடுக்க இடம் விட்டேன்.”

“எனக்குப் புரியுது. நடத்தினா இந்த வழக்கு நிக்காது. ஆனா மூணு வருசமோ நாலு வருசமோ ஆகும். குற்றத்தை ஒத்துக்கிட்டா அன்னைக்கே அபராதத்தோட முடியும். பாஸுக்கு, வழக்கு முடிஞ்சுதுன்னு நான் எழுதித் தாரேன்.”

“கத்தி?”

“ஒத்துக்கிட்டா கத்தி கிடைக்காது அண்ணாச்சி. அழிச்சிருவாங்க.”

இரண்டு நாள் யோசித்தார். இசக்கித்தாய் எதிர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போக ஆரம்பித்திருந்தாள், அவரிடம் சொல்லாமலே. அவள் கை விரல் வெந்து வெளுத்திருந்ததைப் பார்த்த அன்றைக்கு, ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கோர்ட்டுக்குள் போகும் முன்னால் அனிஷா மறுபடியும் சொன்னாள்: “கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. காரணம் சொல்ல ஆரம்பிச்சா, அப்ப இவர் ஒத்துக்கலைன்னு வழக்கை நடத்தச் சொல்லிருவாங்க.”

மாஜிஸ்திரேட் நடுவயது அம்மா. குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமா என்றார் ஆறுமுகநயினார். எழுதிக்கொண்டே அந்த அம்மா காகிதத்தைப் புரட்டினார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“எதுக்குங்க இத்தனை கத்தி வச்சிருந்தீங்க?”

மிரட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆறுமுகநயினாருக்குத் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. எந்தக் கப்பல், எந்த மழைநாள், எவன் சிரித்தான், எந்தப் பிடிக்குள் எந்த நிறம், எல்லாம் வந்து நாக்கு நுனியில் நின்றது. அனிஷா பார்வையைத் தூக்கவே இல்லை. பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“சும்மாதான் அம்மா” என்றார்.

அந்த அம்மா இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். அபராதம், பொருட்களை அழித்துவிட வேண்டியது, அடுத்த வழக்கு.

வெளியே வேப்பமரத்தடியில் இசக்கித்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சிட்டு. பாஸ் வந்துரும்.”

“கத்தியக் கேட்டீயளா?”

“கேக்கக் கூடாதாம்.”

“நீங்கதான கேக்கக் கூடாது? நான் ஒண்ணும் ஒத்துக்கிடலையே” என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். விறுவிறு என்று படியேறினாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். அவள் விலகவில்லை. என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் ஏசிய மிட்டாய்க் கத்திகளை ஒவ்வொன்றாக, நிறம் சொல்லி, ஊர் சொல்லி, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர், போங்கம்மா, போங்கம்மா என்றார்.

அவர் மரத்தடியில் நின்றபடியே கேட்டார். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். போய்க் கூட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும். முப்பத்தெட்டும் முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.